பத்தாம் நம்பர் சட்டை

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருஷம் வெள்ளைச் சட்டைதான் போட்டார். சர்க்கார் ஆபீஸ் கேன்டீனில் டீ கொடுக்கிற வேலை. வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட். வேலை முடிந்து வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அதேதான். வேறு கலர் வாங்கித் தந்தால் பெட்டியில் மடித்து வைத்துவிடுவார்.

அந்த மனிதருக்கு நான் பந்தாட்டக்காரன் சட்டையை மாட்டிவிட்டேன். நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக. முதுகில் பெரிதாகப் பத்து.

நாங்கள் இருப்பது டெல்லியில், முனிர்காவில். மூன்றாவது மாடியில் ஒரு ரூம், அதற்கு மேலே மொட்டை மாடி. கீழே சந்து. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் சுவரோடு ஒதுங்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் ஒயர்தான். ஒயருக்கு நடுவில் கொஞ்சம் வானம். இந்தச் சந்துகளில் இருபது வருஷம் நடந்தவர், ஒரு நாள் பால் வாங்கப் போய்த் திரும்பி வரவில்லை. பால் கடைக்காரனே கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, அங்கிள் என் கடை வாசல்ல நின்னுக்கிட்டு முனிர்காவுக்கு எந்த பஸ்னு கேக்கறாரு" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தான்.

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ராத்திரி ரெண்டு தடவை எழுந்து, வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேனா என்று பார்த்தேன்.

டாக்டர் அந்த வியாதிக்கு ஒரு பேர் சொன்னார். குணமாகாது, மெதுவாகப் போகும் என்றார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று நாலு தடவை காணாமல் போனார். யாராவது கொண்டுவந்து விடுவார்கள். ஒரு தடவை நானே தேடிப் போனேன். மெயின் ரோடு வரைக்கும் போய்த் திரும்பினேன். காய்கறி வண்டிக்காரன் பின்னாலிருந்து கூப்பிட்டான். "என்ன ஆன்ட்டி, அங்கிளைத் தாண்டிப் போறீங்க?" பார்த்தால் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார். நான் அவரை உரசிக்கொண்டு போயிருக்கிறேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. வெள்ளைச் சட்டை போட்ட வயசானவர்கள் அந்த ரோட்டில் அத்தனை பேர். என் கண்ணே அவரை விட்டுவிட்டது. அது எனக்குப் பயமாக இருந்தது. அவர் மறப்பது ஒரு பக்கம். நான் பார்க்காமல் போவது என்ன?

ஊரிலிருந்து ரெண்டு நாள் ரயிலில் டெல்லிக்கு வருகிற நாங்கள், பிள்ளைகளுக்குக் கண்ணைப் பறிக்கிற கலரில்தான் உடுப்பு மாட்டுவோம். அடிக்கிற ரோஸ், கிளிப்பச்சை. ஸ்டேஷனில் கை நழுவினால் கலரைப் பார்த்து எட்டிப் பிடித்துவிடலாம். கூட வந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இப்போது கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிற என் மகளையும் அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தேன். அவருக்கும் அதையே செய்யலாம் என்று நினைத்தேன்.

நான் சமையல் வேலை செய்வது சரோஜினி நகரில், இடித்தது போக விட்டுவைத்த சர்க்கார் குவார்ட்டர்ஸில் ரெண்டு வீட்டில். வேலை முடிந்து மார்க்கெட் வழியாகத்தான் பஸ்ஸுக்கு வருவேன். அங்கே ஒருத்தன் மேஜைமேல் ஏறி நின்று கையைத் தட்டிக் கூவுவான். அவன் காலடியில் மலை மாதிரி பந்தாட்டச் சட்டை. எங்கேயோ ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சினது. கழுத்துப் பட்டியில் லேபிளை வெட்டியிருப்பார்கள்.

"யாருக்கு ஆன்ட்டி, பையனுக்கா?"

"வீட்டுக்காரருக்கு."

"அங்கிள் பந்து ஆடுவாரா?"

"நடப்பாரு."

"நடக்கிறதுக்கு எதுக்கு இது?"

"தூரத்துலேர்ந்து தெரியணும்."

அவன் சிவப்பு எடுத்துப் போட்டான். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகிற பைக் பையன்கள் எல்லாம் சிவப்புதான். ஆரஞ்சும் அவர்கள்தான். மஞ்சள் எடுத்தான். பார்க்கிங் டோக்கன் கிழிக்கிறவர்கள் மஞ்சள். கடைசியில் அடியிலிருந்து இந்த நீலப் பட்டை வந்தது. இப்படி ஒரு சட்டையை டெல்லியில் ஒருத்தர் மேலும் நான் பார்த்ததில்லை. அதனால் எடுத்தேன். ஒரே மாதிரி ரெண்டு. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில்.

"இப்ப இது ஓடாத மால் ஆன்ட்டி. நவம்பர்ல பாருங்க, அடிச்சிக்குவாங்க" என்றான்.

விற்கிறவன் அப்படித்தான் பேசுவான் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்துச் சந்தில் சட்டை முதுகில் நம்பர் அச்சடிக்கிறவன் ஒருத்தன் இருந்தான். இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒரு மெஷின். அவனிடம் கேட்டேன், பத்துக்குக் கீழே என் போன் நம்பரை அடிக்க முடியுமா என்று.

"போனுக்குப் பத்து நம்பர் வருமே? மாதாஜி, ஆட்டக்காரனுக்கே ரெண்டு நம்பர்தான்."

"முடியுமா முடியாதா?"

"சின்னதா அடிச்சா வரும்."

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்தேன்.

அவர் சட்டையை விரித்துப் பார்த்தார்.

"என்னா இது?"

"சட்டை."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"என்னைப் பாத்தா சர்க்கஸ்காரன் மாதிரி இருக்குதா உனக்கு?"

"போட்டுப் பாருங்க."

"பையே இல்ல. பை இல்லாதது ஒரு சட்டையா? கண்ணாடிய எங்க வெக்கிறது?"

"கண்ணாடி கண்ணுல இருக்கட்டும்."

போட்டார். ஜூன் மாசம். ஃபேன் காற்றே அனல். துணி மெல்லிசு, சன்னச் சன்ன ஓட்டை. கையைத் தூக்கிப் பார்த்தார். "காத்து உள்ள போவுது" என்றார். அப்படியே இருந்துவிட்டார்.

அப்போது நம்பர் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் என்னா வாடகை வண்டியா? முதுகுல போன் நம்பர் எழுதி வுடறதுக்கு?"

"ஒரு இதுக்குத்தான்."

"காணாமப் போறவன்னு ஊருக்கே எழுதி ஒட்டப்போறியா?"

அதோடு விட்டேன். சட்டை மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். சட்டை ஒன்றும் சொல்லாது. எனக்கு மட்டும் தெரியும்.

அந்த நாலைந்து மாசம் நன்றாகப் போனது. வேலையிலிருந்து வந்து அவர் ரூமில் இல்லையென்றால் மொட்டை மாடிக்கு ஏறுவேன். கீழே எல்லாம் சாம்பல் கலர். அதற்குள் ஒரு நீலம் போய்க்கொண்டிருக்கும். ஒரு சந்தில் மறையும். எதிர்பாராத வேறு சந்தில் வரும். ஆகஸ்டில் எல்லா மாடியிலும் பட்டம் விட்டார்கள். அவர் போவது, அறுந்த பட்டம் ஒன்று ஒயருக்கும் கீழே இறங்கி, சந்துக்குள்ளேயே மெதுவாகப் போகிற மாதிரி இருக்கும். உடனே இறங்கிப் போகமாட்டேன். கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்ப்பேன். அவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது. ஆனால் நடை நிதானமாக இருக்கும். வேலைக்குப் போகிற நடை.

ஜனங்களும் அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடுத்த கட்டடத்தில் மணிப்பூர்ப் பிள்ளைகள், காலேஜில் பெரிய படிப்பு படிக்கிறவர்கள். காலையில் மாடியில் பந்து தட்டுவார்கள். அவரைக் கண்டால் பந்தை நிறுத்திவிட்டு, "குட் மார்னிங், நம்பர் டென்!" என்று சல்யூட் அடிப்பார்கள். இவர் ஆபீசர் மாதிரி தலையை அசைப்பார். ஜூஸ் கடைக்காரன் ஸ்டூல் போடுவான். முப்பத்திரண்டு வருஷம் டீ கொடுத்தார். ஆபீஸில் எல்லாரும் கிளாஸைத்தான் பார்த்தார்கள்.

நவம்பர் வந்தது. புகை இறங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியனை நேராகப் பார்க்கலாம், கண் கூசாது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, அதற்கு மேலே அந்தச் சட்டையை இழுத்து மாட்டினேன். கலர் வெளியே தெரிய வேண்டுமே.

முதலில் காய்கறி வண்டிக்காரன் மேல் பார்த்தேன். அதே நீலம், அதே பட்டை. நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். ரெண்டு நாள் கழித்து சிலிண்டர் தூக்குகிறவர். பிறகு இஸ்திரி போடுகிறவர். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர். பாங்க் வாட்ச்மேன் காக்கிக்கு உள்ளே போட்டிருந்தார், கழுத்தில் மட்டும் நீலம் எட்டிப் பார்த்தது. சில பேர் ஸ்வெட்டருக்கு மேலேயே போட்டிருந்தார்கள், இவரைப் போல. எல்லாரும் வளர்ந்த ஆட்கள். பிள்ளை குட்டிக்காரர்கள்.

"பாத்தியா? என்னைப் பாத்துதான் எல்லாரும் போடறானுங்க" என்றார் அவர்.

நானும் அப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நாள் நினைத்தேன்.

சரோஜினியில் அந்த மேஜைக்காரனிடம் போனேன். குவியல் முழுக்க நீலமும் வெள்ளையும்.

"நான் சொன்னேன்ல ஆன்ட்டி? வெளிநாட்டுல பெரிய ஃபுட்பால் ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. இந்தச் சட்டை போடற டீம்னா டெல்லிக்கு உசுரு. ஒரு மாசம் பாருங்க."

"வேற கலர் குடு."

"வேற கலர் எங்க இருக்கு?"

வீட்டுக்கு வந்து, பழைய ரோஸ் சால்வை ஒன்றை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். எடுத்து எறிந்தார். சட்டையைக் கழற்றுங்கள் என்றேன்.

"நான்தான் முதல்ல போட்டவன். நான் எதுக்குக் கழட்டணும்? அவனுங்களக் கழட்டச் சொல்லு."

நியாயம்தான்.

கீழ் ரூமில் துணி தைக்கிற பீகார்க்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். நீலம் பெருகினதிலிருந்து, நான் இல்லாத நேரத்தில் வாசல் கதவின் தாழ்ப்பாளை அவள் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் அவள் அரை மணி நேரம் ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். நான் ரெண்டு மணிக்கு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. மேலே ரூமும் திறந்து கிடந்தது. செருப்பு இல்லை.

மொட்டை மாடிக்கு ஓடினேன்.

ஏழு நீலம் தெரிந்தது.

புகைக்குள் ஏழு நீலம், அங்கங்கே சந்தில். ஒன்று நின்றது. ஒன்று குனிந்தது. ரெண்டு சேர்ந்து போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எது என்னுடையது என்று தெரியவில்லை. நான்தானே தேடித் தேடி எடுத்தேன் அந்தக் கலரை.

இறங்கி ஒவ்வொன்றாகப் போனேன். முதல் முதுகுக்காரரைக் கையைப் பிடித்துத் திருப்பினேன். காதில் ஒயர் மாட்டின ஆள். "என்ன ஆன்ட்டி?" ஒன்றுமில்லை என்றேன். அடுத்தவர் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார், பெரிய தொப்பை, பத்து என்கிற நம்பர் அகலமாக இழுத்துக்கொண்டு நின்றது. அடுத்து ஒரு புருஷனும் பொண்டாட்டியும், ரெண்டு பேரும் ஒரே சட்டை. மெயின் ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஒன்று மெதுவாகப் போனது, ஜன்னலில் மூன்று நீலம் உட்கார்ந்து போனது. பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தேன். பஸ் புகைக்குள் போய்விட்டது.

ஜூஸ் கடைக்காரனிடம், "நம்பர் டென் அங்கிள் இந்தப் பக்கம் வந்தாரா?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, இன்னிக்கு மேட்ச். முனிர்காவே நம்பர் டென்தான்" என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "காலையில பார்த்தது. அப்புறம் பாக்கல."

போலீஸ் பூத்தில் ஒரு கான்ஸ்டபிள் இருந்தார். அடையாளம் கேட்டார். நீலம் வெள்ளைப் பட்டை, முதுகில் பத்து என்றேன். அவர் எழுதாமல் பின்னால் திரும்பினார். டியூட்டி முடிந்த ஒருத்தர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார், அதே சட்டையில்.

"இவனா பாருங்க."

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"சட்டைய விடுங்க மாதாஜி. ஆள் எப்படி இருப்பாரு?"

நாற்பது வருஷம் பார்த்த முகத்தை எப்படிச் சொல்வது? மூக்கு இருக்கும். மீசை இருக்கும். முடி நரைத்திருக்கும். சொன்னேன். அவரும் எழுதினார். எழுதினதைப் படித்துக் காட்டினபோது எந்தக் கிழவருக்கும் அது பொருந்தியது.

திரும்ப நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை. சந்து திரும்பினால் ஒரு முதுகு. திரும்பினால் இன்னொன்று. ஒரு மனிதரைத் தொலைத்தேன், அவர் பல பேராகப் பிரிந்து என்னைச் சுற்றி நடக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அப்படி இருந்தது. பயம்கூட ஒரு கட்டத்தில் போய்விட்டது. நீலம் மட்டும் வந்தது, போனது.

அப்போது எங்கேயோ கூட்டமாக ஒரு சத்தம். மழை பிடித்துக்கொள்கிற மாதிரி. சத்தத்தைப் பார்த்துப் போனேன்.

ஒரு கட்டடத்தின் கீழ்த்தளம், பைக் நிறுத்துகிற இடம். பைக் எல்லாம் வெளியே நின்றன. உள்ளே இருட்டு. தூரத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட், அதில் படம். பச்சைத் தரையில் நீலப் பட்டைக்காரர்கள் ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் தரையிலும் நாற்காலியிலும் நீலப் பட்டைக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நாற்பது ஐம்பது பேர் இருக்கும். துணியிலிருந்து இறங்கிவந்து உட்கார்ந்த மாதிரி. எல்லாம் முதுகு. எல்லாம் பத்து.

முட்டியோடு முட்டி இடித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போக வழியில்லை. வாசலில் நின்று, "என்னாங்க" என்றேன். சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "இந்தாங்க!" என்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் சொன்னதில்லை. எங்கள் பக்கம் பெண்கள் சொல்லமாட்டோம். ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட அட்டையை எடுத்து நீட்டிவிடுவேன். அந்தப் பேரைச் சொன்னேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. ரெண்டாவது தடவை கொஞ்சம் வந்தது. மூன்றாவது தடவை முழு மூச்சையும் இழுத்துக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து எதிராளி கோல் போட்டுவிட்டான். ஐம்பது பேரும் அப்படியே அடங்கிப் போனார்கள். அந்த அமைதியில் என் வீட்டுக்காரர் பேர் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பியது.

எல்லாத் தலையும் திரும்பியது. முன் வரிசையில், நடு நாற்காலியில் ஒரு தலை கடைசியாகத் திரும்பியது.

"யாரு பேரச் சொல்றது?"

வாசலிலேயே நின்று கையைத் தூக்கினேன்.

"பேரச் சொல்லியா கூப்புடற? இத்தினி பேரு முன்னால?"

கண் சிவந்திருந்தது. நிஜமான கோவம். என்னைத் தெரிகிறது அவருக்கு. முழுக்கத் தெரிகிறது.

மணிப்பூர்ப் பிள்ளைகளில் ஒருத்தர் எழுந்து வழிவிட்டார். "ஆன்ட்டி, அங்கிள் வெளியில நின்னுக்கிட்டிருந்தாரு. நம்பர் டென் ஆச்சே, வெளியில நிக்க வெப்போமா? முன்னாடி உக்கார வெச்சோம். லக் வரும்னு பாத்தோம்" என்றார். படத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "எங்க வந்துச்சு?"

போகலாம் என்றேன். முடியட்டும் என்றார் அவர். யாரோ எனக்கு ஒரு ஸ்டூல் தள்ளினார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பந்து போகிற பக்கம் ரெண்டு பேரும் தலையைத் திருப்பினோம். அவர் ஸ்வெட்டர் கையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோவத்தில் உதறினார். மறுபடி பிடித்தேன்.

ஆட்டம் முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

"யாரு செத்தது?" என்றார் இவர்.

"யாரும் சாவல. தோத்துட்டாங்க."

"யாரு?"

"உங்க சட்டைக்காரங்க."

யோசித்தார். எழுந்து, முகத்தை மூடினவர் தோளில் தட்டினார். "கோயி பாத் நஹி" என்றார். ஒன்றுமில்லை, விடு என்று. டீ சிந்தினால் அவர் ஆபீஸர்களுக்குச் சொல்கிற குரல் அது.

வீடு வருகிற வரைக்கும் என் கையை உதறிக்கொண்டே வந்தார். படியேறும்போது நின்றார்.

"எங்கம்மா காதுல வுழுந்தா என்னா ஆவும் தெரியுமா?"

"தெரியும்."

"புருஷன் பேரச் சொன்னாளாம்னு ஊரே பேசும்."

அவர் அம்மா போய்ப் பதினெட்டு வருஷம். அதை நான் சொல்லவில்லை. "இனிமே சொல்லல" என்றேன்.

சொன்னேன். அந்தக் குளிர்காலம் முழுக்கச் சொன்னேன். சட்டையை நம்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆட்டம் எல்லாம் முடிந்து, நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வேறு கலர்கள் வந்தன. அவர் மட்டும் அதையேதான் போடுகிறார். நான் சந்து முனையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். எங்கே இருந்தாலும் கோவமாக ஒரு தலை திரும்பும். "வாயக் கழுவு" என்று அங்கிருந்தே திட்டுவார். ஜூஸ் கடைக்காரன் சிரிப்பான். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருவேன்.

இப்போதும் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறார். மெதுவாக வருகிறார். திட்டுவதில்லை. யாரோ ஒரு பெண் கூப்பிடுகிறாள், வா என்றால் வர வேண்டும், அப்படி ஒரு முகம்.

பக்கத்தில் வந்த பிறகும் நான் ஒரு தடவை பேரைச் சொல்லிப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் நிற்பேன், திட்டுவாரா என்று.